கண்டியின் பள்ள நிலங்களை வானிலிருந்து அளத்தல்



இங்கு வரும் வழியில் உங்களில் பலர் கண்டி வாவியைச் சுற்றி வந்திருப்பீர்கள். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு வயல் கிடக்கிறது. திகோல் வெல என்று அதற்குப் பெயர். 1807 ஆம் ஆண்டு ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அந்த வயலின் குறுக்கே அணை கட்டி நீரைத் தேக்கினான். எட்டு ஆண்டுகளில் இராச்சியம் போயிற்று, வாவி நின்றது. அதற்குப் பக்கத்தில் போகம்பறையில் இருந்த குளமோ ஆங்கிலேயர் காலத்தில் நிரப்பப்பட்டு மைதானமாயிற்று. ஒரு வயல் குளமானது, ஒரு குளம் தரையானது. இரண்டும் ஒரே நகரத்தில், சில நூறு மீற்றர் இடைவெளியில் நடந்தன. மலைகளால் சூழப்பட்ட நகரம் என்றே கண்டியை எல்லோரும் வர்ணிக்கிறோம். அந்த மலைகளுக்கு இடையில் இருந்த ஈரப் பள்ளங்களின் மேல்தான் நகரம் உட்கார்ந்திருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஊர்ப் பெயர்கள் மறக்கவில்லை. பேராதனை என்று நாம் சொல்வது சிங்களத்தில் பேராதெனிய. தெனிய என்றால் இரு மேடுகளுக்கு நடுவே நீர் ஊறி நிற்கும் தாழ்ந்த நிலம். தென்னக்கும்புர என்ற பெயரில் கும்புர என்பது வயல். வெல என்பதும் வயல்தான். எல, ஓயா என்று முடிகிற பெயர்கள் எல்லாம் நீரோட்டங்கள். இந்தப் பெயர்களை மட்டும் ஒரு தாளில் குறித்தால் கண்டியின் பழைய ஈரநில வரைபடம் பாதி வந்துவிடும். மீதிப் பாதியை எப்படி வரைவது, வரைந்த பின் அதை வைத்து என்ன செய்வது என்பதுதான் இன்றைய என் பேச்சு.

ஈரநிலம் என்றவுடன் முத்துராஜவெலச் சதுப்பையோ கரையோரக் கண்டல் காட்டையோதான் நினைக்கிறோம். 1971 இல் ஈரானின் ராம்சார் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை அப்படிக் குறுக்கவில்லை. இயற்கையானதோ மனிதர் உண்டாக்கியதோ, எப்போதும் நீர் நிற்பதோ பருவத்துக்கு மட்டும் நிற்பதோ, எல்லாவற்றையும் அது ஈரநிலம் என்றே கொள்கிறது. நெல்வயலும் அதில் அடக்கம். இலங்கை 1990 இல் அதில் இணைந்தது. புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து என்று ஆறு இடங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. ஆறில் ஒன்றுகூட மலைநாட்டில் இல்லை. மலைநாட்டு ஈரநிலங்கள் சிறியவை, ஒடுங்கியவை, சிதறியவை. ஒவ்வொன்றும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர். ஒன்றை நிரப்பினால் யாருக்கும் தெரியாது. இருபதை நிரப்பினால் அக்குறணை மூழ்கும்.

அக்குறணையைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். ஏ9 வீதியில் கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த ஊரைக் கடக்கிறார்கள். பிங்கா ஓயா ஊரின் முதுகோடு ஒட்டி ஓடி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியில் சேர்கிறது. கனத்த மழை பெய்தால் ஓயா கடைத்தெருவுக்குள் வந்துவிடும். வியாபாரிகள் மூட்டைகளை மேல் தட்டுக்கு ஏற்றுவதும், தண்ணீர் வடிந்தபின் சேற்றை வாரி வெளியே கொட்டுவதும் அங்கே பழகிப்போன வேலை. ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தக் காட்சியைப் பத்திரிகையில் பார்க்கிறோம். ஓயாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது பெருகும்போது பரவி நிற்பதற்கு இருபுறமும் இருந்த வயல்களும் சேற்றுத் தரைகளும் கட்டடங்களாகிவிட்டன. பரவ இடமில்லாத நீர் உயரத்தான் செய்யும்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளியை இந்த மண்டபத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நாட்டிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது நம் கண்டி மாவட்டம். அந்த இழப்பில் பெரும்பங்கு மண்சரிவால் வந்தது. ஈரநிலங்களை மீட்டிருந்தால் அந்த மலைகள் சரிந்திருக்கமாட்டா என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் கம்பளையிலும் பேராதனையிலும் மகாவலி கரை மீறியபோது, எந்த நிலம் ஆற்றுக்கு உரியது என்பதை ஆறு தன் கையால் எழுதிக் காட்டிவிட்டுப் போனது. சுவர்களில் அது விட்டுப்போன சேற்றுக் கோட்டினை எத்தனை இடத்தில் நாம் அளந்து பதிந்து வைத்தோம்? வீட்டுக்காரர்கள் சுவரைக் கழுவிவிட்டார்கள். அது இயல்பு. பதிந்து வைத்திருக்க வேண்டியவர்கள் படித்தவர்களாகிய நாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. வாவியின் மிகைநீர் மெத எல வழியாக நகரத்தின் அழுக்கையெல்லாம் ஏந்திக்கொண்டு கெட்டம்பேயில் மகாவலியில் விழுகிறது. கொஹாகொடவில் நகரின் குப்பைமேடு ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. அதன் கசிவும் ஆற்றுக்கே போகிறது. பிங்கா ஓயாவும் வந்து சேர்கிறது. இந்த மூன்றுக்கும் கீழே பொல்கொல்ல. அங்கு 1976 முதல் மகாவலியின் ஒரு பகுதி ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தால் உக்குவளைக்குத் திருப்பப்படுகிறது. அங்கிருந்து சுது கங்கை, போவத்தன்ன, கலாவாவி. அநுராதபுர மாவட்டத்து விவசாயி மடைதிறந்து பாய்ச்சும் நீர் நம் சாக்கடை வாயைக் கடந்து போன நீர். இடையில் வடிகட்டியாக நிற்கக்கூடியவை இந்தப் பள்ள நிலங்கள்தான். கோரையும் பன்னும் நிற்கிற ஓர் ஏக்கர் சேறு, தண்ணீரை மெதுவாக்கி, மண்டியை அடியில் தங்கவிட்டு, கழிவிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் குறைத்து அனுப்புகிறது. மின்சாரம் கேட்காமல் அந்த வேலையைச் செய்கிறது.

சரி, மீட்போம் என்று வைத்துக்கொள்வோம். மீட்டோமா இல்லையா என்று எப்படி அறிவது?

இதில் நம் நாட்டுக்குக் கசப்பான அனுபவம் ஒன்று இருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையோரமெங்கும் கண்டல் நாற்றுகள் நடப்பட்டன. பல நிறுவனங்கள், பல நாடுகளின் பணம், பதாகைகள், புகைப்படங்கள். 2017 இல் இலங்கை, பெல்ஜிய ஆய்வாளர்கள் அந்த நடுகைகளைத் தேடிப்போய்ப் பார்த்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. 1000 முதல் 1200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். தவறான உயரத்தில் நட்டது, தவறான இனத்தை நட்டது, நட்டபின் திரும்பிப் பார்க்காதது ஆகியவையே முக்கிய காரணங்கள். கண்டல் கன்றுக்குத் தரையின் உயரம் ஒரு சாண் மாறினாலும் உயிர் போய்விடலாம். கடல்நீர் எத்தனை மணிநேரம் அதன் காலடியில் நிற்கிறது என்பதை அந்த ஒரு சாண்தான் தீர்மானிக்கிறது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை எல்லோரும் எழுதி வைத்தார்கள். தரையின் உயரத்தை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர்.

அதற்குப் பின் பாடம் படித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். சிலாபத்துக்கு வடக்கே ஆனைவிழுந்தானில் கைவிடப்பட்ட இறால் பண்ணைகளில் 2020 அளவில் தொடங்கிய வேலையில், வயம்பப் பல்கலைக்கழகமும் வனஜீவராசிகள் திணைக்களமும் நீரோட்டத்திலிருந்து தொடங்கின. பண்ணை வரப்புகளை வெட்டி, அலைநீர் வந்துபோக வழி செய்து, கண்டல் தானாக முளைக்க இடம் கொடுப்பது அந்த முறை. இலங்கையின் கண்டல் மீட்பை 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் உலகின் முன்மாதிரி மீட்பு முயற்சிகளில் ஒன்றாக அறிவித்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால் மேற்சொன்ன தோல்விக் கணக்கு இருக்கிறது. எண்ணிப் பார்த்ததால்தான் திருந்த முடிந்தது.

எண்ணிப் பார்ப்பதற்கு இன்று கையில் உள்ள மலிவான கருவி ட்ரோன். அது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கலியாண வீட்டில் பறக்கிற அதே சாதனம்தான். ஆனால் இங்கே ஓட்டுபவர் கையால் ஓட்டுவதில்லை. வயலை உழுகிறவர் சால் விடுவதுபோல நேர்நேர் கோடுகளில் அது தானே போய்வரும்படி முன்கூட்டியே வழி குறித்துவிடுவார்கள். போகும்போது படங்களை எடுத்துக்கொண்டே போகும். ஒரு படத்தின் முக்கால் பகுதிக்கும் மேலானது அடுத்த படத்திலும் விழவேண்டும். பக்கத்துச் சாலின் படங்களோடும் பெரும்பகுதி மேற்படியவேண்டும். ஒரே கல்லை, ஒரே வரப்பு முனையைப் பல கோணங்களில் பார்த்திருப்பதால், கணினி அந்தப் புள்ளியின் உயரத்தைக் கணக்கிட்டுவிடுகிறது. நமது இரண்டு கண்கள் ஆழத்தை உணர்கிற அதே வித்தைதான் இது. நூறு மீற்றர் உயரத்தில் பறந்தால் படத்தின் ஒரு புள்ளி தரையில் ஏறத்தாழ மூன்று சென்ரிமீற்றர். இலவசமாகக் கிடைக்கிற சென்ரினல்-2 செய்மதிப் படத்தில் ஒரு புள்ளி பத்து மீற்றர். அக்குறணையில் ஒரு கடை அந்தப் புள்ளிக்குள் காணாமல் போய்விடும். செய்மதி சில நாளுக்கு ஒருமுறை வருகிறது, முழு மாவட்டத்தையும் பார்க்கிறது; ஆனால் மலைநாட்டு முகில் பாதி நாள் அதன் கண்ணை மறைத்துவிடும். ட்ரோன் முகிலுக்குக் கீழே பறக்கிறது. இரண்டும் வேண்டும்.

உயரம் தெரிந்துவிட்டால் கழித்தல் கணக்குப் போடலாம். இந்த ஆண்டு மே மாதத்து உயரத்திலிருந்து சென்ற ஆண்டு மே மாதத்து உயரத்தைக் கழித்தால், எங்கே மண் ஏறியிருக்கிறது, எங்கே அரிக்கப்பட்டிருக்கிறது என்பது நிறமாகத் தெரியும். எத்தனை கனமீற்றர் என்றும் சொல்லிவிடலாம். வயல் நிரப்பும் காரியம் பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. விடுமுறை நாளில் ஒரு லொறி, மழைக்காலத்தில் இரண்டு லொறி, இடையில் கொஞ்சம் கட்டட இடிபாடு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டப்படி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. சட்டம் இருக்கிறது. இந்த வயல் சென்ற ஆண்டு எந்த மட்டத்தில் இருந்தது என்பதற்கு அளந்த சாட்சி இருப்பது அரிது. இந்தக் கழித்தல் கணக்கு அந்தச் சாட்சி.

கண்ணுக்குத் தெரியாத சிவப்பையும் பார்க்கிற கமராக்கள் உண்டு. உயிருள்ள இலை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். வாடிய இலை குறைவாக அனுப்பும். தெளிந்த நீர் விழுங்கிவிடும். அதனால் நீர், பாசி, மிதக்கும் களைகளான சல்வீனியா, ஆகாயத்தாமரை ஆகியவற்றைப் பிரித்துக் காணலாம். இது நமக்குச் சின்ன விஷயமில்லை. ஆகாயத்தாமரை 1904 அளவில் அழகுக்காக இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1909 இலேயே அதற்கு எதிராகத் தனிச் சட்டம் போடவேண்டி வந்தது. சல்வீனியா 1939 இல் தாவரவியல் வகுப்புக்காக வந்தது. இரண்டும் தூதுவர்களைப்போல வந்து குடியேறிவிட்டன. மேலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பு பச்சைப்பசேல் என்று இருக்கும். மீட்பு வெற்றி என்று படம் போட்டுவிடலாம். அந்தப் பச்சை கோரையா சல்வீனியாவா என்பதுதான் கேள்வி. 1999 இல் கண்டி வாவியே மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியால் பச்சையானது. பச்சை எப்போதும் நல்ல சகுனம் அல்ல.

இனி இந்தக் கருவியின் குறையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் குண்டசாலைப் பக்கத்தில் கைவிட்ட வயல் ஒன்றை மாணவர்களோடு அளக்கப் போனேன். காலை மூடுபனி ஒன்பது மணிவரை விலகவில்லை. பிறகு பறந்தது, படம் அழகாக வந்தது. வீட்டுக்கு வந்து உயர வரைபடத்தைப் பார்த்தால், நடுவில் ஒரு மேடு. நாங்கள் காலையில் இடுப்பளவு சேற்றில் நின்ற இடம் அது. ட்ரோன் பார்த்தது தரையை அல்ல, அடர்ந்து நின்ற பன்னின் தலையை. மறுநாள் திரும்பிப் போய், மூங்கில் கழியில் அடையாளம் வைத்து, ஐம்பது இடத்தில் குத்தி அளந்தோம். அப்போது பக்கத்து மேட்டிலிருந்து இறங்கி வந்த வயதான கமக்காரர், கழியை எங்கள் கையிலிருந்து வாங்கி, இங்கே குத்துங்கள் என்று ஓரிடத்தைக் காட்டினார். முழுக் கழியும் இறங்கிப்போயிற்று. அங்கே ஊற்று இருந்தது. அவர் அப்பா காலத்தில் அந்த ஊற்றிலிருந்துதான் கீழ் வயல்களுக்குத் தண்ணீர் போனதாம். எங்கள் படத்தில் அது இருக்கவில்லை.

லேசர் ஒளியை அனுப்பி இலைகளின் இடைவெளி வழியே தரையைத் தொடுகிற ட்ரோன்கள் வந்துவிட்டன. விலை அதிகம். அவை வந்தாலும் அந்தக் கமக்காரர் வேண்டும். மஹியாவையில் தலைமுறைகளாக வாழும் நகர சுத்திகரிப்புத் தொழிலாளர் குடும்பங்கள் வேண்டும். நகரின் எந்த வாய்க்கால் எந்த மழைக்கு எந்த வளைவில் அடைபடும் என்பதை அவர்களைவிட அறிந்தவர்கள் கண்டியில் இல்லை. அவர்களைக் கேட்காமல் வரைகிற வாய்க்கால் வரைபடம் அரைகுறையானது. அவர்களைக் கேட்டதாக எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் படித்ததில்லை. எனக்கு இது நீண்டகால வருத்தம்.

இன்னொரு அச்சத்தையும் மறைக்க விரும்பவில்லை. வானிலிருந்து எடுக்கும் படத்தில் தகரக் கூரை உடனே தெரியும். ஆற்றங்கரையில் வேறு போக்கிடமில்லாமல் இருக்கிற ஏழையின் வீட்டை ஆக்கிரமிப்பு என்று சிவப்பில் குறிப்பது சுலபம். பத்து ஆண்டுக்கு முன் முறையாக நிரப்பி, முறையாக வரைபட அனுமதி பெற்று, மூன்று மாடி கட்டியவரை எந்த நிறத்தில் குறிப்பது? அதற்குத்தான் பழைய படம் வேண்டும். நல்வாய்ப்பாக நம்மிடம் அது இருக்கிறது. 1956 இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு இந்தத் தீவு முழுவதும் விமானத்திலிருந்து படமெடுக்கப்பட்டது. பிங்கா ஓயாவின் இருகரையும், மகாவலியின் வளைவுகளும், நகரைச் சுற்றியிருந்த வயல்களும் எழுபது ஆண்டுக்கு முன் எப்படி இருந்தன என்பதை அந்தப் படங்களில் பார்க்கலாம். அவற்றை இன்றைய ட்ரோன் படத்தின் மேல் பொருத்தினால், எந்த நிலம் எப்படி மாறியது என்பதை நடுநிலையாகப் பேசலாம். எதை மீட்பது என்ற கேள்விக்கும் அங்கேதான் விடை தொடங்குகிறது. வாவியை மறுபடி திகோல் வெல ஆக்கப்போவதில்லை. 1956 இல் வயலாக இருந்து இன்று புதர் மண்டிக் கிடப்பவை எத்தனை, கட்டடம் ஏறாதவை எத்தனை என்று எண்ணலாம். அவையே மீட்கத்தக்கவை.

ஈரநிலங்களைக் காப்பதில் கொழும்பு நமக்கு முன்னால் போய்விட்டது. வெள்ளத்தில் அடிபட்ட பின்புதான் போனது. பெத்தகானவிலும் தியசருவிலும் ஈரநிலப் பூங்காக்களை வைத்து, 2018 இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற ஏற்பையும் பெற்றது. சென்னையின் பள்ளிக்கரணை 2022 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் விளிம்பிலேயே பெருங்குடிக் குப்பைமேடு இருக்கிறது. கொஹாகொடவை அறிந்த நமக்கு அந்தக் காட்சி புதிதல்ல. 1988 முதல் உலக மரபுரிமை நகரமாக இருக்கிற கண்டியில், மாளிகையும் விகாரையும் எவ்வளவு கவனமாக அளந்து வரையப்பட்டிருக்கின்றன! அவற்றின் காலடியில் ஓடுகிற மெத எலவுக்கும் அந்தக் கவனத்தில் ஒரு பங்கு கிடைக்கவேண்டும்.

பறக்கவிடுவதில் நடைமுறைக் கஷ்டங்கள் உண்டு. சிவில் விமான அதிகாரசபையில் சாதனத்தைப் பதியவேண்டும். பாதுகாப்புத் தரப்பின் அனுமதியும் வேண்டும். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன்கள் சில காலம் முற்றாக நிறுத்தப்பட்டன. தலதா மாளிகைச் சூழலில் இந்தக் கட்டுப்பாடு கடுமையாக இருப்பது நியாயமே. வாவியின் மேல் ஆசைக்குப் பறக்கவிடக் கூடாது. கொக்கும் நீர்க்காகமும் கூடுகட்டுகிற காலத்தில் அந்த மரங்களின் பக்கமே போகக் கூடாது. ஒரு பற்றரி ஏறத்தாழ அரை மணிநேரம்தான் தாங்கும். பருவமழையில் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். இவை எல்லாம் திட்டமிட்டால் தீர்கிற கஷ்டங்கள். தீராத கஷ்டம் ஒன்றுதான்: எடுத்த படம் யாரிடம் இருக்கும் என்பது. திட்டம் முடிந்ததும் ஆலோசனை நிறுவனத்தின் கணினியோடு போய்விடுகிற படம் எடுக்கப்படாத படத்துக்குச் சமம். அது பிரதேச செயலகச் சுவரில் தொங்கவேண்டும், பள்ளிக்கூடத்தில் இருக்கவேண்டும், தமிழிலும் சிங்களத்திலும் இடப்பெயர் எழுதி யாரும் கேட்டால் கிடைக்கவேண்டும்.

பேராதனையில் புவியியல் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பொறியியல் இருக்கிறது, விவசாயபீடம் இருக்கிறது. ஹந்தானையில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அறிவுக்குக் குறைவில்லாத நகரம் இது. ஆகவே இந்த மேடையிலிருந்து ஒரே ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். முழு மாவட்டத்தையும் கேட்கவில்லை. பிங்கா ஓயாவை மட்டும், அக்குறணைக்கு மேலிருந்து கட்டுகஸ்தோட்டை வரை, இரு கரையிலும் இருநூறு மீற்றர் அகலத்துக்கு அளப்போம். அதே கோடுகளில், அதே உயரத்தில், தரையில் அதே அடையாளப் பலகைகளை வைத்து ஆண்டுக்கு இரண்டு தடவை, பத்து ஆண்டுக்கு விடாமல் பறப்போம். ஒவ்வொரு தடவையும் கழியோடு இறங்கிக் குத்தி அளக்க அந்த ஊர்ப் பிள்ளைகளையே சேர்த்துக்கொள்வோம். தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். முதல் படம் அதற்கு முன் எடுக்கப்படவேண்டும். அந்த வேலையைத் தொடங்க முன்வரும் மாணவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.